டேட்டாவில் ஒரு என்ஏ கூட இல்லை, ஆனாலும் இஃப் வரியில் எரர்

இரவுநேர லூப்:
வணக்கம். மூன்று நாளாக ஒரே எரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். புள்ளியியல் கணக்குக்கான ஆர் மொழி, பதிப்பு 4.3. நிரல் வேலையிடத்துக்குச் சொந்தமானது, அப்படியே ஒட்ட முடியாது. வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன்.

இயந்திரப் பதிவுகள், மொத்தம் 14 குழுக்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பழுதாகியிருந்தால் 1, இல்லையென்றால் 0. ஒரு லூப் ஒவ்வொரு குழுவாக எடுத்து, பழைய பதிவுகளில் பழுதாகும் வாய்ப்பைக் கணிக்கும் லாஜிஸ்டிக் மாடல் பொருத்தி, புதிய பதிவுகளில் அதைச் சோதித்து ஏயூசி கணக்கிடுகிறது. மாடல் பழுதையும் நல்லதையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண் அது, 1 என்றால் முழுச்சரி, 0.5 என்றால் குருட்டு ஊகம். ஏயூசி சூத்திரம் நானே எழுதியது. கடைசியில் ஒரு இஃப் வரி: ஏயூசி 0.5க்குக் கீழே இருந்தால் 1இலிருந்து கழித்துத் திருப்பிப் போடு.

முதல் நான்கு குழுக்கள் ஒழுங்காக ஓடுகின்றன. ஐந்தாவதில் அந்த இஃப் வரியில் நின்றுவிடுகிறது. ட்ரூ அல்லது ஃபால்ஸ் வேண்டிய இடத்தில் விடுபட்ட மதிப்பு, அதாவது என்ஏ, இருக்கிறதாம். எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. எல்லா நெடுவரிசையிலும் இஸ்.என்ஏ போட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். பூஜ்யம். மாடல் தந்த கணிப்புகளிலும் பூஜ்யம்.

செமிகோலன்:
டேட்டாவை எப்படி உள்ளே எடுத்தீர்கள்? சிஎஸ்வி என்றால் முதல் சந்தேகம் அங்கேதான். எண் நெடுவரிசையில் யாராவது ஒரு கோடு போட்டிருப்பார்கள், அல்லது தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வைத்திருப்பார்கள். மொத்த நெடுவரிசையும் எழுத்தாக உள்ளே வரும். அதை எண்ணாக மாற்றினால் அந்தக் கட்டங்கள் மட்டும் என்ஏ ஆகிவிடும்.

நாட்டுக் குறியீடு நெடுவரிசை ஏதும் இருக்கிறதா? நமீபியாவின் இரண்டெழுத்துக் குறியீடு என்னும் ஏயும். ரீட்.சிஎஸ்வி அந்த நாட்டையே விடுபட்ட மதிப்பாக எடுத்துக்கொள்ளும். சிரிப்பாக இருக்கும், ஆனால் எனக்கு ஒரு நாள் முழுக்கப் போயிருக்கிறது.

இரவுநேர லூப்:
நாட்டு நெடுவரிசை இல்லை. எல்லா நெடுவரிசையும் எண்களாகவே உள்ளே வந்திருக்கின்றன, நெடுவரிசை வகையைக் காட்டும் எஸ்டிஆர் போட்டுப் பார்த்தேன். மாற்றிய பிறகுதான் என்ஏக்களை எண்ணினேன். ஒன்றும் இல்லை.

மூன்றாம் மதிப்பு:
எரர் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஆரில் என்ஏ என்றால் "தெரியாது" என்று பொருள். காலியும் இல்லை, பூஜ்யமும் இல்லை. தெரியாத ஒன்று 0.5ஐ விடச் சிறியதா என்று கேட்டால் பதிலும் "தெரியாது"தான். இஃப்புக்கு ஆம் அல்லது இல்லை வேண்டும், "தெரியாது" வந்தால் அது நின்றுவிடும். என்ஏவும் என்ஏவும் சமமா என்று கேட்டாலும் என்ஏதான் வரும். இரண்டு பேரின் வயதும் தெரியாதபோது இருவருக்கும் ஒரே வயது என்று சொல்ல முடியுமா? அதே கதை.

வேடிக்கை என்னவென்றால், தெரியாமலே பதில் சொல்ல முடிகிற இடத்தில் ஆர் சொல்லிவிடும். என்ஏ அண்ட் ஃபால்ஸ் என்றால் ஃபால்ஸ். என்ஏ அல்லது ட்ரூ என்றால் ட்ரூ. என்ஏவின் பூஜ்யமாவது அடுக்கு 1, ஏனென்றால் எந்த எண்ணுக்கும் அது 1தான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டேட்டாவில் என்ஏ இல்லை, ஆனால் ஏயூசி என்ஏ ஆகியிருக்கிறது. இடையில் எங்கோ அது பிறந்திருக்கிறது. ஐந்தாம் குழுவில் பழுதே இல்லாமல் போயிருக்குமோ? பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் நேன், அதாவது "எண் அல்ல" என்ற மதிப்பு வரும். நேன் 0.5ஐ விடச் சிறியதா என்றால் என்ஏ. இதே எரர்தான்.

இரவுநேர லூப்:
நல்ல யோசனை, ஆனால் இல்லை. ஐந்தாம் குழுவில் 1,20,000 பதிவுகள். 40,000 பழுது, 80,000 நல்லது. தாராளமாகவே இருக்கிறது.

ஏயூசியை அச்சிட்டும் பார்த்தேன், என்ஏ என்றுதான் வருகிறது, நேன் இல்லை.

மூன்றாம் மதிப்பு:
அப்படியானால் பூஜ்ய வகுத்தல் இல்லை. அது நேன் என்றே காட்டியிருக்கும். என் பந்து அவுட்.

நெடுவரிசை:
இவ்வளவு தலைவலி எதற்கு? இஃப்புக்குள் இஸ்ட்ரூ போட்டு மூடுங்கள். என்ஏ வந்தால் இஸ்ட்ரூ ஃபால்ஸ் கொடுத்துவிடும், லூப் நிற்காது. வேலை முடிந்தது.

இரவுநேர லூப்:
போட்டேன், ஓடிவிட்டது! 14 குழுக்களும் முடிந்தன. நன்றி. சராசரி ஏயூசியும் வந்துவிட்டது. என்ஏவை ஒதுக்கும் அந்த வாதத்தை மட்டும் சராசரி கணக்கிடும் மீன் சார்பில் ட்ரூ என்று வைத்தேன்.

பழைய கம்பைலர்:
தம்பி, அவசரப்படாதே. இது காய்ச்சல்மானியை உடைத்துவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்கிற மாதிரி இருக்கிறது. ஐந்தாம் குழுவின் ஏயூசி இப்போதும் என்ஏதான். இஃப் அதைக் கேள்வி கேட்காமல் விட்டது, மீன் அதைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டது. உன் கையில் இருப்பது 14 குழுக்களின் சராசரி இல்லை. எத்தனை குழுக்களின் சராசரி என்று எண்ணிப் பார்த்தாயா?

நெடுவரிசை அவர்களே, கோபிக்க வேண்டாம். இஸ்ட்ரூ நல்ல கருவிதான், ஆனால் என்ஏ ஏன் வருகிறது என்று தெரிந்த பிறகு போடவேண்டியது.

இரவுநேர லூப்:
அண்ணா, தம்பி இல்லை, தங்கை. :)

எண்ணிப் பார்த்தேன். 13 குழுக்களின் சராசரிதான். ஐந்தாவது மட்டும் இல்லை. இதை அப்படியே அறிக்கையில் போடப் போனேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இஸ்ட்ரூவை எடுத்துவிட்டேன்.

பழைய கம்பைலர்:
மன்னிக்கணும் தங்கச்சி. சரி, முறையாகப் போவோம். எச்சரிக்கை ஏதாவது வந்ததா? ஆரில் கணக்கின் நடுவே என்ஏ உருவானால் பெரும்பாலும் ஒரு வார்னிங் வரும். உடனே காட்டாமல் சேர்த்து வைத்துக் கடைசியில் எரருக்குக் கீழே காட்டும், அதனால் பலர் கவனிப்பதில்லை. ஆப்ஷன்ஸில் வார்ன் என்பதை 2 ஆக்கு. வார்னிங் எல்லாம் எரராக மாறும், என்ஏ பிறக்கிற வரியிலேயே நிரல் நிற்கும்.

இரவுநேர லூப்:
2 ஆக்கினேன். மாற்றமே இல்லை. அதே இஃப் வரி, அதே எரர். ட்ரேஸ்பேக்கும் அந்த வரியைத்தான் காட்டுகிறது. வார்னிங் ஒன்றும் இல்லை.

செமிகோலன்:
டேட்டாவைப் பாதி பாதியாக வெட்டிப் பாருங்கள். எந்தப் பாதி உடைகிறதோ அதை மறுபடி பாதியாக வெட்டுங்கள். 1,20,000 பதிவுகள் என்றால் 17 வெட்டில் குற்றவாளிப் பதிவு கையில் இருக்கும். ஊசி வைக்கோல்போரில் கிடந்தாலும் கிடைத்துவிடும்.

இரவுநேர லூப்:
இது இன்னும் குழப்பிவிட்டது. பதிவுகளைக் கலைத்துப்போட்டு வெட்டினேன்.

முதல் பாதி: ஓடுகிறது.
இரண்டாம் பாதி: ஓடுகிறது.
இரண்டும் சேர்த்து: எரர்.

80 சதவீதம் எடுத்தால் ஓடுகிறது. எந்த 80 சதவீதம் என்றாலும் ஓடுகிறது. 85 எடுத்தால் உடைகிறது, அதுவும் எந்த 85 என்றாலும்.

சரி, பதிவுகள் அதிகமானால் உடைகிறதோ, மெமரி பிரச்சினையோ என்று யோசித்தேன். ஆனால் ஒன்பதாம் குழுவில் 1,50,000 பதிவுகள். அது அழகாக ஓடுகிறது! பெரியது ஓடுகிறது, சின்னது உடைகிறது. எனக்கு இனி யோசிக்கத் தெம்பில்லை.

மூன்றாம் மதிப்பு:
இது அருமையான துப்பு. இரண்டு பாதியும் தனித்தனியே ஓடினால் கெட்ட பதிவு என்று ஒன்று இல்லவே இல்லை. டேட்டாவில் தேடுவதை நிறுத்துங்கள். குறை ஏதோ ஒரு மொத்தத்தில் இருக்கிறது. மெமரி தீர்ந்தால் ஆர் அதை வேறு எரராகச் சொல்லும், என்ஏ தராது.

ஒன்பதாம் குழுவில் பழுது எத்தனை, நல்லது எத்தனை?

இரவுநேர லூப்:
பழுது 6,000. நல்லது 1,44,000.

பழைய கம்பைலர்:
எனக்கு ஒரு வாசனை அடிக்கிறது, ஆனால் ஊகத்தில் சொல்ல மாட்டேன். ஏயூசி சூத்திரத்தைத் துண்டு துண்டாக அச்சிடு தங்கச்சி. மேலே இருப்பது தனியே, கீழே இருப்பது தனியே. ஐந்தாம் குழு முழுதாக.

இரவுநேர லூப்:
சூத்திரம் இதுதான். கணிப்புகளை எல்லாம் வரிசைப்படுத்தித் தரவரிசை எண் கொடுக்கிறேன். பழுதானவற்றின் தரவரிசை எண்களைக் கூட்டி, அதிலிருந்து பழுது × (பழுது + 1) / 2ஐக் கழிக்கிறேன். அதைப் பழுது × நல்லது என்பதால் வகுக்கிறேன். பழுது எண்ணிக்கையை சம் போட்டு எடுக்கிறேன், நல்லது எண்ணிக்கையையும் அப்படியே.

மேல் பகுதி: ஒழுங்கான பெரிய எண்.
பழுது: 40000
நல்லது: 80000
பழுது × நல்லது: என்ஏ

இது என்ன பேய்? கன்சோலில் 40000 × 80000 என்று நானே அடித்தால் 320 கோடி என்று சரியாக வருகிறது. அதே பெருக்கல், நான் போட்டால் வருகிறது, நிரல் போட்டால் வரவில்லை!

பழைய கம்பைலர்:
பிடிபட்டது. பேய் இல்லை, முழுஎண் வழிதல்.

ஆரில் இரண்டு வகை எண் இருக்கிறது. முழு எண்ணுக்கான இன்டிஜர் ஒன்று, தசமத்துக்கும் மிகப் பெரிய எண்ணுக்குமான டபிள் ஒன்று. அச்சிட்டால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து. இன்டிஜருக்கு 32 பிட்தான் இடம். அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 214,74,83,647. அதைத் தாண்டினால் ஆர் என்ஏ தந்துவிடும்.

ட்ரூ ஃபால்ஸை சம் போட்டுக் கூட்டினால் விடை இன்டிஜர். இன்டிஜரை இன்டிஜரால் பெருக்கினாலும் இன்டிஜர்தான். 320 கோடி அதில் அடங்காது. நீ கையால் 40000 என்று அடிக்கும்போது அது டபிள். பின்னால் எல் எழுத்தைச் சேர்த்து அடித்தால்தான் இன்டிஜர். எல் போட்டு அடித்துப் பார், உனக்கும் என்ஏ வரும்.

ஒன்பதாம் குழு ஏன் ஓடியது? 6,000 × 1,44,000 வெறும் 86 கோடியே 40 லட்சம். பதிவு அதிகம், பெருக்கல் சிறியது. உன் பாதி டேட்டாவில் 20,000 × 40,000, அதாவது 80 கோடி. 80 சதவீதத்தில் 32,000 × 64,000 = 204 கோடியே 80 லட்சம், நூலிழையில் தப்பியது. 85இல் 231 கோடி, உடைந்தது.

இரவுநேர லூப்:
அடக் கடவுளே. எல் போட்டு அடித்தேன். என்ஏ. முழுஎண் வழிதலால் என்ஏ உருவானது என்று வார்னிங்கும் வந்தது!

ஆனால் இரண்டு சந்தேகம். ஒன்று, பழுது × (பழுது + 1) ஏன் உடையவில்லை? இங்கே சின்ன எண் என்பது தெரிகிறது, ஆனால் எட்டாம் குழுவில் பழுதே 70,000. அங்கே அது 490 கோடியாயிற்றே. இரண்டு, கன்சோலில் வந்த வார்னிங் நிரலில் ஏன் வரவே இல்லை?

மூன்றாம் மதிப்பு:
முதலாவதுக்கு நான் சொல்கிறேன். அந்தக் கூட்டலில் இருக்கும் 1ஐ நீங்கள் கையால் அடித்தீர்கள். அது டபிள். இன்டிஜரும் டபிளும் சேர்ந்தால் டபிள். பெருக்கலும் டபிளில் நடந்து தப்பித்துவிட்டது. ஒரு 1 காப்பாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுக்கும் பகுதியில் அப்படிக் கையால் அடித்த எண் எதுவும் இல்லை.

தரவரிசை எண்களின் கூட்டலும் அதிர்ஷ்டத்தில்தான் தப்பியது. சமநிலை வந்தால் சராசரி தரவரிசை கொடு என்பது ரேங்க் சார்பின் இயல்பு, அதனால் அது டபிள் தரும். சமநிலைக்கு ஃபர்ஸ்ட் என்று மாற்றியிருந்தால் இன்டிஜர் வந்திருக்கும், சம் அங்கேயே என்ஏ ஆகியிருக்கும்.

பழைய கம்பைலர்:
இரண்டாவதற்கு என் ஊகம்: லூப்பைச் சுற்றி, வார்னிங்கை அடக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ் போட்டிருக்கிறாய். சரியா?

இரவுநேர லூப்:
...ஆமாம். மாடல் பொருத்தும்போது சில குழுக்களில், கணித்த நிகழ்தகவு பூஜ்யமோ ஒன்றோ ஆகிவிட்டது என்று பொருத்தும் சார்பான ஜிஎல்எம் வார்னிங் கொட்டிக்கொண்டே இருந்தது. தொல்லையாக இருக்கிறதே என்று லூப் முழுவதையும் அதற்குள் போட்டேன். ஆறு மாதம் முன்பு. மறந்தே போய்விட்டது.

ஆனால் வார்னை 2 ஆக்கினேனே, அப்போதாவது வந்திருக்க வேண்டாமா?

பழைய கம்பைலர்:
வராது. வார்னிங் எழுந்தவுடன் முதலில் அதைப் பிடிப்பது சுற்றியிருக்கும் சப்ரஸ்வார்னிங்ஸ். அது அங்கேயே வாயைப் பொத்திவிடும். வார்ன் 2 பார்க்கும் நேரம் வருவதற்குள் வார்னிங்கே இல்லை. இதில் நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன், அதனால்தான் வாசனை அடித்தது.

ஜிஎல்எம் வரியை மட்டும் அதற்குள் வை. அதிலும் அந்த ஒரு வார்னிங்கை மட்டும் அடக்கிவிட்டு மற்றதை வெளியே விட வேண்டும் என்றால் வித்காலிங்ஹேண்ட்லர்ஸ் இருக்கிறது, கொஞ்சம் எழுத வேண்டும், அவ்வளவுதான்.

செமிகோலன்:
ஒரு சந்தேகம். இன்டிஜரில் ஏன் மேலும் கீழும் ஒரே எல்லை? 32 பிட் என்றால் எதிர்மறைப் பக்கம் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டுமே.

மூன்றாம் மதிப்பு:
அந்தக் கூடுதல் ஒன்றைத்தான் ஆர் என்ஏவுக்கு எடுத்துக்கொண்டது! மிகச்சிறிய எதிர்மறை எண்ணின் பிட் அமைப்பே இன்டிஜர் என்ஏ. டபிளில் கதை வேறு. அங்கே என்ஏ என்பது ஒரு தனிவகை நேன், அதன் 64 பிட்டின் கீழ்ப்பாதியில் 1954 என்ற எண் பொதிந்திருக்கும். அதனால்தான் இஸ்.என்ஏ நேனுக்கும் ட்ரூ சொல்லும், இஸ்.நேன் மட்டும் என்ஏவுக்கு ஃபால்ஸ் சொல்லும்.

நெடுவரிசை:
இஸ்ட்ரூ சொன்னதற்கு மன்னிப்பு. ஆனால் ஆர் மீதும் எனக்குக் கோபம். டபிளாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா? பைத்தானில் முழு எண் எவ்வளவு பெரிதானாலும் வளர்ந்துகொண்டே போகும், இந்தப் பிரச்சினையே இல்லை.

பழைய கம்பைலர்:
வெறும் பைத்தானில் சரி. அதன் எண் கணக்கு நூலகமான நம்பையின் வரிசைக்குள் போனதும் அதற்கும் எல்லை உண்டு. அங்கே வரிசைகளைப் பெருக்கும்போது வழிந்தால் எச்சரிக்கையும் கிடையாது, என்ஏவும் கிடையாது. எண் சுற்றி வந்து ஏதோ ஒரு தப்பான மதிப்பாக, எதிர்மறையாகக்கூட நிற்கும். இந்தத் தங்கச்சிக்கு எரராவது வந்தது. அங்கே 32 பிட் வரிசையாக இருந்தால் தப்பான ஏயூசி வந்திருக்கும்.

விடுபட்ட மதிப்பை ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டாவில் விடுபட்டது எல்லா எண்ணையும் விடப் பெரியது. வருமானம் இத்தனைக்கு மேல் என்று வடிகட்டினால் வருமானமே சொல்லாதவர்களும் பணக்காரர்களோடு வந்து நிற்பார்கள். சாஸில் நேர் எதிர், எல்லா எண்ணையும் விடச் சிறியது. இந்த மூன்றில் ஆர் மட்டும்தான் "எனக்குத் தெரியாது" என்று நின்று தகராறு செய்கிறது. எனக்கு அந்தத் தகராறு பிடிக்கும்.

செமிகோலன்:
சம்பந்தமில்லாமல் ஒன்று. 0.5க்குக் கீழே வந்தால் ஏயூசியைத் திருப்புவது எதற்கு? புதிய பதிவுகளில் 0.4 வந்தால் மாடல் தலைகீழாகக் கணிக்கிறது என்று அர்த்தம். அதை 0.6 என்று காட்டினால் மோசமான மாடல் சுமாரான மாடலாகத் தெரியும்.

இரவுநேர லூப்:
அந்த வரி எனக்கு முன்பு இருந்தவர் எழுதியது, நான் கேள்வி கேட்கவில்லை. நீங்கள் சொல்வது சரிதான், எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த வரி இல்லாமலிருந்தால் எரரே வந்திருக்காது, என்ஏ நேராகச் சராசரிக்குப் போயிருக்கும் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்குப் பழுது எண்ணிக்கையை ஆஸ்.நியூமெரிக் போட்டு டபிளாக்கினேன். ஒன்றை மாற்றினால் போதுமல்லவா?

மூன்றாம் மதிப்பு:
போதும். ஆனால் பெருக்கலே இல்லாமல் எழுதலாம். பழுதானவற்றின் தரவரிசைச் சராசரியை எடுங்கள். அதிலிருந்து (பழுது + 1) / 2ஐக் கழியுங்கள். விடையை நல்லது எண்ணிக்கையால் வகுங்கள். அதே ஏயூசிதான், மேலும் கீழும் பழுதால் வகுத்த வடிவம். அடுத்து இந்த நிரலைத் தொடுபவர் ஆஸ்.நியூமெரிக் எதற்கு என்று தெரியாமல் அழித்துவிடும் ஆபத்தும் இல்லை.

இரவுநேர லூப்:
மாற்றிவிட்டேன். 14 குழுக்களும் ஓடுகின்றன, வாயைப் பொத்தாமல். ஐந்தாம் குழுவின் ஏயூசி 0.71. பழைய சூத்திரத்தில் மற்ற குழுக்களுக்கு வந்த விடைகளோடு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்துகின்றன. எட்டாம் குழுவில் நல்லது 20,000தான், பெருக்கல் 140 கோடி, அதனால் அதுவும் முன்பே தப்பியிருக்கிறது.

ஆர்வத்தில் மற்ற குழுக்களின் பெருக்கலையும் பார்த்தேன். பன்னிரண்டாம் குழுவில் 38,000 × 55,000. 209 கோடி. அடுத்த மாதப் பதிவுகள் சேர்ந்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

நெடுவரிசை:
இதைப் படித்துவிட்டு என் நிரல்களில் தேடினேன். இரண்டு அட்டவணைகளின் என்ரோவை, அதாவது வரிசை எண்ணிக்கையை, பெருக்கும் வரி ஒன்று சிக்கியது. இரண்டும் 46,340 வரிசை வரை தாங்கும், 46,341 ஆனால் உடையும். என் அட்டவணைகள் இப்போது 44,000இல் நிற்கின்றன. அதற்கு மேலே நான்கு வரி தள்ளி ஒரு சப்ரஸ்வார்னிங்ஸ். அதையும் எடுத்துவிட்டேன்.